வலது கைக்கு இடமில்லாத மேசை

2007 ஜூன் 4, திங்கள்

பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஒவ்வொன்றாக ஆளை அள்ளிக்கொண்டு போன பிறகும் எட்டரை பஸ் வரவில்லை. எம். புதுப்பட்டி ஸ்டாப்பில் நானும் ஒரு நாயும் மட்டும். சிவகாசியில் கட்டட பிளான் போடுகிற எங்கள் ஆபீஸுக்குள் நுழையும்போது மணி பத்து. முதலாளி மணிகண்டராஜ் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கையைக் காட்டினார். தாமதத்துக்குத் திட்டப்போகிறார் என்றுதான் போனேன்.

"அண்ணே, பின்னாடி அம்மோனியா ரூமைக் காலி பண்ணிருவோம். அங்கன த்ரீடி ரூம் போடணும். இனிமே பார்ட்டிக்குப் பிளானை மட்டும் நீட்டுனா பத்தாது. கட்டடம் கட்டி முடிச்சா எப்படி நிக்கும்னு போட்டோ மாதிரி காட்டணும். ரூம், மேசை, மிஷின், வயரிங் அம்புட்டும் நீங்கதான் பாக்கணும்."

அம்மோனியா அறை என்பது புளூபிரிண்ட் எடுக்கிற அறை. பதினெட்டு வருஷம் அந்த நெடியில் கண் எரிந்தவன் நான். கட்டடம் எப்படி நிற்கும் என்று கம்ப்யூட்டரில் காட்ட இந்த ஆபீஸில் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். ஐம்பத்தோரு வயதில், யாரிடமும் போய் நிற்காமல், ஹெல்ப் வருகிற F1-ஐ அமுக்கி அமுக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஏழு வருஷம் ஆகிறது.

அந்த அறையில் யார் உட்காருவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? இங்கே வருவதற்கு முன் இருபது வருஷம் பிரஸ்ஸில் பட்டாசு லேபிள் வரைந்தவன் நான். எந்த பிரஸ்ஸிலும் மிஷின் வந்து இறங்கும்போது ஸ்பேனர் பிடித்து, மட்டம் பார்த்து, முதல் தாளை ஓட்டுகிறவன் எவனோ அவன்தான் அந்த மிஷினுக்கு மிஷின்மேன். சிவகாசியில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததாலேயே யாரும் மாற்றியதும் இல்லை.

ஜூன் 6, புதன்

அறையை அளந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு.

முதலாளி பார்ட்டி உட்கார ஒரு சோபா வேண்டும் என்றார். முடியாது என்றேன். சோபா போட்டால் டீ வரும், டீ வந்தால் எறும்பு வரும். "சரி, உங்க இஷ்டம்" என்றார். அப்படிச் சொல்லும்போது அவருடைய அப்பா மாதிரியே இருந்தார். பெரியவர் இருந்தவரை இவரை நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். காலேஜ் முடித்துக் கண்ணாடி அறை கட்டிய பிறகு சார். யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானேதான் மாற்றிக்கொண்டேன். அதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

மேசை மரத்தில் வேண்டாம். மரம் ஆடும், கரையான் பிடிக்கும். கடப்பாக் கல்லைச் சுவரோடு சேர்த்துப் பதித்துவிடுவது. உயரம் இருபத்தேழு அங்குலம் - உட்கார்ந்தால் என் முழங்கை நிற்கிற உயரம். கல் 'ட' போல மடங்க வேண்டும். மடங்குகிற கை இடது பக்கம். மௌஸ், நோட்டு, எல்லாம் இடது பக்கம். வலது பக்கம் சுவரை ஒட்டியே இருக்கட்டும். அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை. பத்து வயதில் மத்தாப்பு மருந்தில் வலது கையில் மூன்று விரல் போனது. அன்றிலிருந்து எழுத்தும் படமும் இடது கைதான்.

ஜன்னல் வலப்புறம். இடது கைக்காரனுக்கு வெளிச்சம் வலப்புறமிருந்துதான் வர வேண்டும். இந்த அறைக்கு அது தெரிந்திருக்கிறது.

ஜூன் 9, சனி

கல் அறுக்கக் கொடுத்தாச்சு. கடைக்காரன் இரண்டு தடவை கேட்டான், "இடது பக்கமா, நல்லா யோசிச்சியளா?" யோசித்துத்தான் ஐம்பது வருஷமாகிறது.

ஜூன் 15, வெள்ளி

வயரிங் காளிராஜ். எனக்கு மச்சினன் முறை, ஆனாலும் என்னைக் கூப்பிடுவது மாமா என்றுதான். வாய் ஓயாது.

வாசலில் செம்புத் தகடு ஒன்று பதிக்கச் சொன்னேன், எர்த் குழிக்கு இணைத்து. உள்ளே வருகிறவன் உள்ளங்கையை அதில் வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

"என்ன மாமா, இது கம்ப்யூட்டர் ரூமா, மருந்து இடிக்கிற ரூமா?"

"ரெண்டும் ஒண்ணுதான். ஒடம்புல இருக்கிற கரண்டு மருந்தைத் தொட்டா ஆளு போயிருவான், மிஷினைத் தொட்டா மிஷின் போயிரும்."

"கதவையும் வெளிய தெறக்கிற மாதிரி வச்சிருக்கீக. கம்ப்யூட்டர் வெடிச்சா ஓடுறதுக்கா?"

"ஆமாலே. மொதல்ல நீ ஓடு."

சிரித்தான். சிரிக்கட்டும். விரல் போன அன்று கதவு உள்ளே திறக்கிற ஷெட்டில்தான் நான் இருந்தேன். நான்கு பேர் ஒரே நேரத்தில் கதவை நோக்கிப் பாய்ந்தால் கதவு எந்தப் பக்கமும் திறக்காது. அதைக் காளிராஜுக்குச் சொல்லவில்லை. அவன் பிறக்குமுன் நடந்தது.

வயர் எல்லாம் சுவருக்குள், குழாய் வழியாக. கல்லின் இடது கையில் மட்டும் துளை. வயரைக் கச்சிதமாக அளந்து வெட்டச் சொன்னேன். ஒரு சாண் மிச்சம் விடட்டுமா என்றான். வேண்டாம் என்றேன்.

ஜூன் 24, ஞாயிறு

என் வீட்டுக்காரி குருவம்மாள் இன்று வேலைக்குப் போகவில்லை. பட்டாசுக் கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகத் திரி திணிக்கிறவள். ஞாயிறானால்தான் அவளுக்கு வாய் திறக்கும்.

"அந்த ரூமு, அந்த ரூமுன்னு உருகுறீகளே, அதுல சேரு ஒங்களுக்குத்தான்னு யாரு சொன்னா?"

"சொல்லணுமாக்கும்?"

"சொல்லணும். சொல்லலைன்னா கேக்கணும். ஏப்ரல்ல ஒங்க மொதலாளித் தம்பி ஏதோ தாளைக் குடுத்துச்சே, சென்னைக்குப் படிக்கப் போகச் சொல்லி. அதையாவது எழுதிக் குடுத்திருக்கலாம்ல?"

அந்தத் தாள். மூன்று வாரக் கோர்ஸ், முடிந்தால் சர்டிபிகேட். எனக்கு மகள் வயதில் ஒருத்தி நின்று, இது மௌஸ், இது கீபோர்டு என்று சொல்லித் தருவாள். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டும். எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். தாளைக் கிழித்தும் போட்டேன்.

"கிழிச்சுட்டேன்" என்றேன்.

"கிழிங்க. கிழிக்கத்தான் தெரியும்" என்று அடுப்படிக்குப் போனாள். மத்தியானக் கருவாட்டுக் குழம்பு மட்டும் நன்றாக இருந்தது.

ஜூலை 3, செவ்வாய்

மதுரையிலிருந்து மிஷின் வந்தது. இரண்டு கோர் பிராசசர், தட்டை மானிட்டர், தனி கிராபிக்ஸ் கார்டு. என்ன மாடல் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். கூட வந்த எஞ்சினியர் தம்பி முழுக்கை பாலியஸ்டர் சட்டை, டை. வாசலில் தகட்டைத் தொட்டுவிட்டு வா என்றேன். "நாங்க டெய்லி பத்து சிஸ்டம் மாட்டுறோம் சார்" என்றான். மெமரி கார்டைக் கையில் எடுத்தான், மாட்டினான். மிஷின் மூன்று தடவை கூவிவிட்டு நின்றது. கார்டு அவுட்.

"மேனுபாக்சரிங் டிபெக்ட்" என்றான்.

நான் தகட்டில் கையை வைத்துவிட்டு இரண்டாவது கார்டை மாட்டினேன். ஓடியது. அவனுடைய டையை மட்டும் பார்த்தேன்.

முதலாளி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் கேள்வி என்ன இருக்கிறது?

ஜூலை 14, சனி

முதல் வேலை. பட்டாசுக் கம்பெனி தங்கச்சாமி அண்ணாச்சி விருதுநகர் ரோட்டில் கல்யாண மண்டபம் கட்டுகிறார். அதன் முகப்பு.

சுவர், தூண், படி எல்லாம் மூன்று நாளில் நிறுத்திவிட்டேன். ஆனால் படத்தில் ஏதோ உயிரில்லை. கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி பளபளக்கிறது, யாரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. என்ன குறை?

ஜூலை 16, திங்கள்

செருப்பு! மண்டபத்துப் படியில் செருப்பு கிடக்க வேண்டும். ஜோடி சேராமல், ஒன்று கவிழ்ந்து, ஒன்று படிக்குக் கீழே உருண்டு. முப்பத்தெட்டு செருப்பு செய்தேன். வார் அறுந்தது ஒன்று.

ஜூலை 20, வெள்ளி

கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, படத்தை மேலிருந்து கீழே கட்டம் கட்டமாக இறக்க வேண்டும். ரெண்டர் என்பார்கள். காலை எட்டுக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் ஆறு. இன்று படிக்கட்டு வரை வந்துவிட்டது, கரண்ட் போனது. பேட்டரி இருபது நிமிஷம் தாங்கியது. நாளைக்கு முதலிலிருந்து.

ஜூலை 21, சனி

மறுபடியும். இன்று தூண் வரைக்கும்தான்.

ஜூலை 27, வெள்ளி

இறங்கிவிட்டது. முழுப்படம்.

பிரிண்ட் எடுத்து வெளியே கொண்டுபோய் வெயிலில் வைத்துப் பார்த்தேன். பிரஸ்ஸில் எந்த லேபிளையும் வெயிலில் பார்த்துத்தான் சரி சொல்வோம், ட்யூப்லைட் பொய் சொல்லும். நாலு மணி வெயில் படத்துக்குள்ளும் இருந்தது, படத்துக்கு மேலும் விழுந்தது. கொஞ்ச நேரம் எது எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை.

காளிராஜ் எட்டிப் பார்த்தான். "மாமா, அந்தச் செருப்பு என்னோடது மாதிரியே இருக்கே" என்றான். அவனுடையதைப் பார்த்துத்தான் செய்தேன்.

ஆகஸ்ட் 8, புதன்

காலையில் அறைக்குப் போனேன். என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது.

முதலாளியின் அக்கா மகள், பெயர் ஸ்ரீமதி. சென்னையில் ஆர்க்கிடெக்ட் படித்து, அங்கேயே இரண்டு வருஷம் வேலையும் பார்த்ததாம். எழுந்து வணக்கம் சொன்னது. நல்ல பழக்கம்தான்.

"அங்கிள், இந்த டேபிளை யாரு செஞ்சது? ரைட் எல்போ செவுத்துல இடிக்குது."

அங்கிளாம்! எனக்கு எத்தனையோ முறை உண்டு - மாமா, சித்தப்பா, அண்ணாச்சி, பெரியப்பா. இது எந்த முறை?

"நான்தான் செஞ்சேன்" என்றேன்.

"மாத்தலாமா?"

"கல்லு. மாத்த முடியாது."

சும்மா பார்க்க வந்திருக்கும். ஊருக்கு வந்த பெண் மாமா ஆபீஸைப் பார்க்க வராதா?

ஆகஸ்ட் 9, வியாழன்

இன்றும் வந்தது. தண்ணீர் பாட்டிலோடு.

ஆகஸ்ட் 17, வெள்ளி

கதவில் மாட்ட பெயர்ப்பலகை வந்தது. ஆசாரி என்னிடம்தான் கொடுத்தான், மட்டம் பார்த்து மாட்ட. ஸ்ரீமதி, பி.ஆர்க்., விஷுவலைசேஷன் பிரிவுத் தலைவர். பித்தளை எழுத்து.

பலகையை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனேன். மேசை மேல் வைத்தேன்.

முதலாளி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்:

"அண்ணே, ஏப்ரல்ல அந்த ஃபாரத்தை எதுக்குக் குடுத்தேன்னு நினைச்சீக? பார்ட்டி முன்னாடி, அப்ரூவல் ஆபீஸ் முன்னாடி, இவருதான் எங்க ஆளுன்னு காட்ட ஒரு பேப்பர் வேணும். மூணு வாரம். ஒரு சர்டிபிகேட். ரெண்டு தடவ கேட்டேன். எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம்னீக. அந்தச் சேரு உங்களுக்குத்தான்ணே வச்சிருந்தேன்."

"அதை அப்பச் சொல்லலையே."

"சொல்லியிருந்தா போயிருப்பீகளா?"

பலகையை எடுத்துக்கொண்டு வந்து மாட்டினேன். மட்டம் பார்த்துத்தான் மாட்டினேன். கோணலாக மாட்டினால் என் வேலை கோணல் என்றாகிவிடும்.

ஆகஸ்ட் 18, சனி

அப்ப ரூம் எதுக்கு என்னையச் செய்யச் சொன்னான்? ஒரு மேஸ்திரியை வச்சுச் செய்ய வேண்டியதுதானே. சுவருக்கு என்ன கலருன்னு மூணு நாள் நின்னு கலந்தேனே - வெள்ளையும் வேண்டாம், நீலமும் வேண்டாம், படத்தோட நெறத்தைக் கெடுக்காத சாம்பல் வேணும்னு - அது யாருக்கு? அவ கண்ணுக்கா? மிஷினை இறக்கினவன் நான். மொதல் தாளை ஓட்டினவன் நான். பேப்பர் வேணுமாம் பேப்பர். பேப்பரா செருப்பு செஞ்சுச்சு?

போதும். நாளைக்கு எழுதுகிறேன்.

(நாளைக்கு எழுதவில்லை. இப்போது 23-ம் தேதி.)

ஆகஸ்ட் 24, வெள்ளி

திறப்பு விழா. தங்கச்சாமி அண்ணாச்சி ரிப்பன் வெட்டினார். என் மண்டபப் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார்.

"ஏயப்பா, செருப்பு கெடக்கிறதைப் பாருய்யா! ஒண்ணு மேல ஒண்ணு... நம்ம சனந்தான், நம்ம சனமேதான். யாரு செஞ்சது?"

முதலாளி சொன்னார், "நம்ம ஸ்ரீமதி டிபார்ட்மெண்ட்தான் அண்ணாச்சி."

டிபார்ட்மெண்ட். அதில் பொய் இல்லை. அந்தப் பெண் வாயைத் திறந்தது, மூடியது. அதற்குள் கேசரி வந்துவிட்டது.

நான் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களைத் தகட்டைத் தொடச் சொல்லிக்கொண்டிருந்தேன். தங்கச்சாமி அண்ணாச்சி மட்டும் சொல்லாமலே தொட்டார். கம்பெனிக்காரர் அல்லவா! போகும்போது, "நல்ல பழக்கம், யாரு யோசனை?" என்று என்னிடமே கேட்டார். தெரியாது என்றேன்.

செப்டம்பர் 3, திங்கள்

பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். பட்டாசு ஷெட் பிளான்கள். ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் இத்தனை மீட்டர், ஒரு ஷெட்டில் நான்கு பேருக்கு மேல் கூடாது. தூங்கிக்கொண்டே போடலாம்.

அறையில் உதவிக்கு இருங்கள் என்றார் முதலாளி. உதவிக்கு! மாட்டேன் என்றேன்.

இங்கிருந்தே கேட்கிறது. இடிக்கிற சத்தம். இன்று நான்கு தடவை அந்தப் பெண் "ஆ" என்றது. வலது முழங்கை.

நல்லது.

செப்டம்பர் 5, புதன்

முதலாளி காளிராஜைக் கூட்டிவந்து மேசையைக் காட்டினார். காளிராஜ் என் மேசைக்கு வந்தான்.

"மாமா, கல்லைப் பேத்தாத்தான் ஆகும்ங்கான் கொத்தனார். பேத்தா சுவரு போகும், சுவரு போனா குழாயில இருக்கிற வயரு போகும். அன்னைக்கே ஒரு சாண் விடட்டுமான்னு கேட்டேன்ல?"

"உடைச்சுக்கோங்க."

"ஒங்க வாயால சொல்லாதீக மாமா. ஒங்க கல்லு அது."

"அவ கல்லு. பலகையில யாரு பேரு இருக்கு?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் தடவையாக.

அது எனக்காக வெட்டிய கல் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வேறு யாருக்கும் ஆகாதபடி வெட்டிய கல் என்றும் தெரிந்துவிட்டது. தெரியட்டும்.

செப்டம்பர் 11, செவ்வாய்

கொத்தனார் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 19, புதன்

மத்தியானச் சாப்பாட்டு நேரம். அறை வழியாகப் போனேன், டாய்லெட்டுக்கு அந்த வழிதான். கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் மட்டும். ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தது. நாக்கு பல்லுக்கு நடுவில்.

இடது கையால் எழுதிக்கொண்டிருந்தது. அ, ஆ, இ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து.

என்னைப் பார்த்து நோட்டை மூடவில்லை. "மௌஸ் வந்துருச்சு அங்கிள். பேனாதான் வரமாட்டேங்குது" என்றது. "செவுத்தை இடிக்க வேண்டாம்னு நான்தான் மாமாகிட்ட சொன்னேன். தூசி விழுந்தா மிஷின் போயிரும்ல?"

நான் டாய்லெட்டுக்குப் போய்விட்டேன்.

கல்லை உடைத்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! சொல்லிச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கலாம். இப்படிச் செய்கிறவளை என்ன செய்வது?

அக்டோபர் 4, வியாழன்

இரண்டு வாரமாக "ஆ" சத்தம் இல்லை.

அக்டோபர் 20, சனி - ஆயுத பூஜை

ஆபீஸ் முழுக்க அவல், பொரி, சந்தனம். என் பிளான் மேசைக்கும் டி-ஸ்கேலுக்கும் பொட்டு வைத்தேன்.

அந்தப் பெண் சந்தனக் கிண்ணத்தோடு வந்தது. பருத்திச் சேலை. "அங்கிள், உள்ள மிஷினுக்கு நீங்கதான் பொட்டு வைக்கணும். நீங்க எறக்குன மிஷின்." கொஞ்சம் நின்று, குரலைத் தணித்து, "அன்னைக்கு அண்ணாச்சிகிட்ட நான் சொல்லியிருக்கணும், படம் உங்களோடதுன்னு."

"சொல்லலையே" என்றேன்.

"சொல்லல. பயமா இருந்துச்சு."

"எனக்கு வயித்துவலி. நீயே வச்சுக்கோ."

வயிற்றுவலி ஒன்றும் இல்லை. பொரியை மடியில் கட்டிக்கொண்டு பதினொன்றரை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஊர் வரை நின்றுகொண்டே வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 12, திங்கள்

தீபாவளி முடிந்து கம்பெனிகள் ஒரு வாரம் லீவு. குருவம்மாள் வீட்டில். தலைகாணிக்கு உறை தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நான் வெளியே ஷேவ் செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம் வந்து என் முன்னால் ஒரு தாளை வைத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் என் எழுத்து தெரியும்.

"கிழிச்சேன்னீக?"

தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் மேலே கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் பெரிய அடி.

இந்த நோட்டில் ஜூன் 24-ம் தேதி கிழித்தேன் என்று எழுதியிருக்கிறேன். இதை யாரும் படிக்கப்போவதில்லை. எனக்கு நானே எழுதுகிற நோட்டில் எதற்குப் பொய்?

ஏப்ரலில் அந்த ஃபாரத்தை நான் நிரப்பினேன். பெயர் எழுதினேன், சங்கிலிமுத்து. அப்பா பெயர். பிறந்த தேதி. ஊர். எல்லாம் இங்கிலீஷில், பெரிய எழுத்தில், அழகாக. அடுத்த கட்டம் கல்வித் தகுதி. அதில் நாலாம் வகுப்பு என்று எழுத வேண்டும். கை போன வருஷத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேனாவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கட்டத்தைப் பார்க்கிறவன் சிரிப்பான் என்று தோன்றியது. சிரிக்காமல், பாவம் என்று நினைப்பான் என்று தோன்றியபோது மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் முதலாளியிடம் போய், எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம் என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

நாலாப்பு. அம்புட்டுத்தான் விஷயம்.

டிசம்பர் 10, திங்கள்

த்ரீடி அறையில் வேலை தாங்கவில்லையாம். மூன்று மண்டபம், ஒரு பிரஸ், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பங்களா. இன்னொரு சிஸ்டம் போடணும் என்று முதலாளி வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடி அறைக்குக் கூப்பிடவில்லை, அவரே வந்தார்.

"ஜன்னல் ஓரம் ஒரு மேசைண்ணே. நீங்க பாத்துச் செஞ்சு குடுங்க."

"யாருக்கு?"

தலையைச் சொறிந்தார். "கோயம்புத்தூர்ல ஒரு பையனோட பேசிக்கிட்டிருக்கேன். இன்னும் முடிவாகலை."

சரி என்றேன். ஒரு நிமிஷம் நின்றேன். சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது, நவம்பரிலிருந்து அங்கேதான் இருக்கிறது, மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. எடுத்து அவர் முன்னால் வைக்கலாம். ஒரே ஒரு கட்டம்தான் காலி.

முதலாளிக்கு போன் வந்தது. போய்விட்டார்.

போன் வரவில்லை என்றால் எடுத்திருப்பேனா? இல்லை. எனக்கு என்னைத் தெரியும்.

டிசம்பர் 28, வெள்ளி

கோயம்புத்தூர்க்காரன் முடிவாகிவிட்டான். பொங்கல் கழித்து வருகிறான். பி.இ. படித்தவனாம். தாள் ரெண்டு மூணு இருக்கும்.

2008 ஜனவரி 9, புதன்

புது மேசை இன்று வந்தது. கல் இல்லை, மரம். நான்கு கால், எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். மடங்குகிற கையைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டுகிற மாதிரி இரண்டு பக்கமும் நட்டு வைக்கச் சொன்னேன். உயரத்துக்குக் காலடியில் திருகு.

ஆசாரி துளை போடும் மிஷினை வைத்துக்கொண்டு நின்றான். "வயருக்குத் துளை எந்தப் பக்கம் அண்ணாச்சி?"

"ரெண்டு பக்கமும் போடு."

"ரெண்டு எதுக்கு?"

"வர்றவன் எந்தக் கைன்னு நமக்கு என்ன தெரியும்?"

ஸ்ரீமதி தன் கல்லில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. மௌஸ் இடது கையில். திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது. நல்லவேளை.

காளிராஜ் வயரை அளந்து கத்தரியை வைத்தான். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, ஒரு பாகம் மிச்சம் விடு என்றேன். சுருட்டி மேசைக்கு அடியில் கட்டிவைத்தோம்.

போகும்போது வாசல் தகட்டைப் பார்த்தேன். கை வைத்து வைத்து நடுவில் மட்டும் பொன்னாக மின்னுகிறது. சின்னக் கை ஒன்றின் அளவு. இடது கை.